இணைப்படத்தின் கறை

மேலை வானில் கதிரவன் சாய, கூரையில் பதித்த கண்ணாடி வழியே இறங்கிய மஞ்சள் ஒளி, மருந்துநீரின் காரமணம் தோய்ந்த அந்தப் படக்கூடத்தின் வரைதிரையையும் செதுக்குவேலை மிகுந்த ஒற்றை நாற்காலியையும் தழுவி, மூலைகளை மட்டும் இருளுக்கு விட்டுவைத்த வேளை அது. படம்பிடிப்பவரின் மகள், தந்தை எடுக்கும் படங்களின் பழுதுகளைத் தூரிகையால் நீக்குபவள், தன் வருங்கால மாமியார் கொணர்ந்த, முன்பு இதே கூடத்தில் இதே நாற்காலியில் வைத்து இதே கருவியால் எடுத்த பழைய நிழற்படத்தை ஏந்தி அமர்ந்திருந்தாள். நின்ற கணவரும் அமர்ந்த மனைவியுமாய் விளங்கிய அதனைக் கண்டிருந்தால், அன்பரே, நீங்களும் பொருத்தமான இணையென்று வாயாரப் புகழ்ந்திருப்பீர்கள்; ஊரே அப்படித்தான் புகழ்ந்தது.

"இவர் எங்க மாமனார். அது அவரோட முதல் சம்சாரம், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட இருக்கல, பாவம்," என்றார் மாமியார். "இதே மாதிரி உக்காந்து எடுத்துக்கறது எங்க வீட்டு வழக்கம். அப்படியே அவ மடியில, கை மேல இருக்கிற கறையையும் எடுத்துடும்மா."

உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். கறையன்று அது. நெடுநேரம் திறந்திருக்கும் கருவியின் முன் அசையாதவை தெளிவாய்ப் பதியும், அசைந்தவை கலங்கிப்போகும் என்பதைத் தவழ்ந்த நாள்முதல் அறிந்தவள் அவள். முகத்தைக் கல்லாக்கிக்கொண்ட படத்துப் பெண்ணால் விரல்களை மட்டும் அடக்க இயலவில்லை. தோள்மீது கிடந்த கணவரின் கையோ, பெருவிரல் கழுத்தோரத்தைக் குழிய அழுத்தியபடி, மயிரிழையும் பிசகாமல் தெளிந்திருந்தது.

"இது கறை இல்ல அத்தை. அவங்க பயந்து நடுங்கியிருக்காங்க."

"நல்லா இருக்கு போ! புதுப்பொண்ணுக்கு நடுக்கம் இருக்காதா?" என்று சிரித்துக்கொண்டே மாமியார் மகனை அழைத்தார்.

வந்தவன் நல்லவனாகவே தோன்றினான். அதே நாற்காலியில் அவளை அமர்த்தி, பின்னே நின்று, தோளில் கை வைத்தான். தந்தை அதே பழங்கருவியின் மூடியைக் கழற்றினார். பெருவிரல் மெல்ல நகர்ந்து கழுத்தோரம் அழுந்தியது.

"வலிக்குது, கையை எடுங்க."

"அசையாதே," என்றான் அவன், உதடு பிரியாமல். "படம் கெட்டுடும்."

மடியில் தன் விரல்கள் நடுங்குவதைக் கண்டாள். கண்டதும் எழுந்தாள்.

"அப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

திகைத்த தந்தை மூடியிட மறந்தார். ஆகவே அந்தப் படமும் பதிந்துபோயிற்று. அவள் அதில் புகையெனக் கலைந்திருக்கிறாள். அவள் எழுந்த பின்னும் அசையாது நின்றவன், இல்லாத தோளொன்றைத் தெளிவாகப் பற்றியிருக்கிறான்.

பழைய படத்தை அவள் தூரிகை தொடாமலே திருப்பித் தந்தாள். மாமியார் வேறு பெண் தேடுவதாகக் கேள்வி. பேச வழியின்றிப் போன ஒருத்தி விட்டுச்சென்ற ஒரே சொல் அக்கலங்கல். அடுத்து அந்த நாற்காலியில் அமரப்போகிறவள் கண்ணிலும் அது படட்டும்.