பன்னிரண்டு புகை

எங்கள் மலையூர் மோந்தெகார்வோவுக்கும் எதிர்மலை ஊர் வால்நேராவுக்கும் நடுவே ஒரு கஷ்கொட்டைக் காடு. 1528இல் அதை எழுதிவைத்த சீமாட்டி சரியான குசும்புக்காரி. காடு எந்த ஊரிடம் இருக்கிறதோ அந்த ஊர், வருஷா வருஷம் வனத்து அந்தோணியார் திருநாளன்று, நண்பகல் மணிக்குள் பன்னிரண்டு வீட்டில் புகை காட்ட வேண்டும். எதிரூர்க்காரன் எண்ணுவான். ஒன்று குறைந்தாலும் காடு கைமாறும்.

ஏறக்குறைய ஐந்நூறு வருஷம் எங்களிடமே இருந்தது. கொள்ளைநோய்க்குப் பிறகு மிஞ்சியது ஐந்து வீடு; செத்தவர்கள் வீட்டிலும் நுழைந்து அடுப்பு மூட்டினார்கள். பிரெஞ்சுச் சிப்பாய்கள் ஊரையே கொளுத்திய வருஷம் புகைக்கு என்ன பஞ்சம்! ஆண்கள் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறியபோது பெண்கள் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது ஊரில் நானும் என் தம்பி ப்ரீமோவும்தான். அந்தக் காட்டுக் கொட்டையை அரைத்த மாவில்தான் எங்கள் ரொட்டி. அதை விற்றுத்தான் மருந்து. இந்த ஜனவரித் திருநாளன்று விடிந்ததிலிருந்து வீடு வீடாக ஓடிப் பதினோரு அடுப்பு மூட்டிவிட்டேன். கடைசியாகப் பாதிரியார் வீடு. புகைபோக்கியில் காக்கைக் கூடு. புகை மேலே போகாமல் என் முகத்தில் அடித்தது. கழியால் குத்திக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது. அடித்தவன் என் தம்பி! நிமிஷம் பிசகாமல்.

“கொஞ்சம் பொறுத்து அடிச்சா கை அழுகிடுமாடா?”

“பன்னெண்டு ஆச்சு, அடிச்சேன்,” என்றான் மடையன்.

பாலத்தருகே வால்நேராவின் ஒரெஸ்தே நின்றிருந்தான். “பதினொண்ணுதான் அக்கா.”

“நல்லா எண்ணுடா, குருடா!”

“மூணு தடவை எண்ணிட்டேன்.”

எழுதி நீட்டினான். கையெழுத்துப் போட்டேன். அழுதேன், அதிலென்ன வெட்கம்? எத்தனையோ தலைமுறை காத்ததை நான் தொலைத்துவிட்டேன்.

அவன் போகவில்லை. தொப்பியைக் கழற்றினான், மாட்டினான்.

“அப்ப காடு எங்களுது.”

“ஆமாம், போய்க் கொண்டாடு.”

“அடுத்த வருஷம் புகை நாங்க காட்டணும்.”

“காட்டுங்க. நான் வந்து ஒண்ணொண்ணா எண்ணுறேன்.”

“எங்க ஊர்ல இப்ப நான் ஒருத்தன்தான் அக்கா.”

மூக்கைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தேன்.

“எண்ண வர்றவங்க அடுப்பு மூட்டக் கூடாதுன்னு அந்தச் சீமாட்டி எழுதியிருக்காளா?” என்று கேட்டான்.

“அதெல்லாம் எழுதல.”

“அப்ப திருநாளன்னிக்கு விடியறதுக்குள்ள வந்துடுங்க, ரெண்டு பேரும். மாவுல பாதி உங்களுக்கு.”