முதல் மூன்று அத்தியாயங்கள்

அமெரிக்காவின் டுலூத் நகரில் என் அறைத்தோழன் கர்ட் ஹால்வர்சன் திங்கட்கிழமைதோறும் வேலை விளம்பரங்களை எண்ணுவான். எந்தக் கணினி மொழிக்கு அதிக விளம்பரமோ, அதைச் செவ்வாயன்று படிக்கத் தொடங்குவான். சில மாதங்களில் வேறொன்று முந்திவிடும். இப்படியே பைதான், ஜாவா, ரஸ்ட், கோ என்று நாலிலும் மூன்றாம் அத்தியாயம் வரை முடித்தான். திரையில் உலகத்துக்கு வணக்கம் சொல்லும் முதல் பாடத்தை மட்டும் நாலிலும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவான். உலகம் பதில் சொன்னதில்லை.

"ஒண்ணையாவது முடிச்சுத் தொலையேன்டா."

"முடிச்சப்புறம் அது செத்துப்போச்சுன்னா? நீ ஜாவாவ மட்டும் நாலு வருஷம் படிச்சியே, உன்னை எவன் கூப்பிட்டான்?"

நியாயமான கேள்வி. எவனும் கூப்பிடவில்லை.

அவனைக் கூப்பிட்டார்கள். சரக்குக் கப்பல்களுக்கு மென்பொருள் செய்யும் கம்பெனி. வருஷத்துக்கு ஒரே ஒரு பயிற்சியாளரை எடுப்பார்கள். கிடைக்காவிட்டால், படிப்பு முடிந்ததும் ஹிப்பிங்கில் தாய்மாமனின் கார்ப்பெட் கடைதான்.

கல்லூரியிலேயே கண்ணாடி அறையில் நேர்காணல். கதவு சரியாகச் சாத்தாது. அவன் கோட்டை வைத்துக்கொண்டு நான் வெளியே நின்றேன்.

உள்ளே டெப்ரா நைகார்டு என்ற பெண்மணி, பலகையில் எழுதும் பேனாவை நீட்டினார்.

"கப்பல் பேருங்க ஒரு பட்டியல் இருக்கு. ரெண்டாவது தடவை வர்ற பேரை எடுத்துடணும். சின்ன வேலைதான்."

"எந்த மொழியில மேடம்?"

"உங்களுக்கு எது வசதியோ அதுல."

கர்ட்டின் பிடரி சிவந்தது.

"உங்க கம்பெனியில எது அதிகமா..."

"அத விடுங்க. வந்தா ஆறு வாரத்துல நாங்களே சொல்லிக் குடுத்துடுவோம். உங்களுக்கு யோசிக்க வருதான்னு பார்க்கறோம், அவ்வளவுதான்."

முதல் வரியைப் பைதானில் எழுதினான். இரண்டாவது வரியில் ஜாவாவின் அடைப்புக்குறியைத் திறந்தான். அதை மூடத் தெரியாமல் அழித்தான். பிறகு முதல் வரியையும் அழித்தான். பன்னிரண்டு நிமிடம் போயிற்று. அவர் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கடுகடுவென்று பார்த்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"பரவாயில்ல, மொழியே வேண்டாம். என்ன செய்வீங்கன்னு வாயால சொல்லுங்க போதும்."

அதுவும் வரவில்லை.

வெளியே வந்து கோட்டை மாட்டிக்கொண்டான். "ரொம்ப நல்ல அம்மாடா," என்றான்.

பேருந்து நிறுத்தத்தில் ஏரிக்காற்று காதை அறுத்தது. மாமாவுக்குப் போன் போட்டான். அவர் சத்தம் எனக்கே கேட்டது.

"வாடா மாப்ளே! வரும்போது முழங்காலுக்குக் கட்டுற மெத்தை ஒரு ஜோடி வாங்கிட்டு வா. தரையில மண்டி போட்டு கார்ப்பெட் விரிக்கிற தொழில்ல மொதல்ல போறது முட்டிதான்."

"இன்னொரு ஆள் வேணுமான்னு கேளேன்," என்றேன்.

கேட்டான். ஒருத்தன் போதுமாம்.