பதினான்காம் பக்கத்துக் கட்டம்

“பதினாலாம் பக்கத்துல கட்டம் கட்டிப் போட்டிருக்கே, அது நான்தானே?”

“அக்கா, மெதுவா.”

“மெதுவாத்தான் கேக்கிறேன். காலை நீட்டு.”

நான் நீட்டவில்லை. அவளே குனிந்து என் வலது ஷூவைக் கழற்றினாள். அந்தச் செருப்புக் கடையில் வாங்க வருகிறவர்களுக்கு மெத்தை வைத்த இருக்கைகள் பன்னிரண்டு இருந்தன. வேலை செய்யும் ஏழு பெண்களுக்கு ஒன்றுகூட இல்லை. வேலை நேரத்தில் சொந்தக்காரர்களோடு பேசக் கூடாது என்பதால் என்னை வாடிக்கையாளனாக்கி உட்கார வைத்துவிட்டு, அக்கா எனக்கு முன்னால் தரையில் குந்தியிருந்தாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். என் பாதம் அவள் கையில் இருந்தது. எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

“சாக்ஸ்ல ஓட்டை. நாட்டுக்கே லாப நஷ்டம் பாக்கிற ஆளு.”

பெருவிரலை உள்ளே மடக்கிக்கொண்டேன்.

அரசு ஒரு விதி கொண்டுவருவதற்கு முன், அதனால் யாருக்கு என்ன செலவு, யாருக்கு என்ன நன்மை என்று எடை போட்டுச் சொல்லும் அலுவலகத்தில் எனக்கு வேலை. அது எனக்குப் பிடித்த வேலை. நல்ல எண்ணத்தில் போட்ட விதி ஒன்று சின்னக் கடைகளை இழுத்து மூடவைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்த முறை வந்தது ஒரே வரி: கடைகளில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை வைக்க வேண்டும்.

கடைக்காரர்கள் செலவைக் கோப்பு கோப்பாக அனுப்பினார்கள். ஒரு ஸ்டூல் எவ்வளவு இடத்தை அடைக்கும், அந்த இடத்தில் எத்தனை ஜோடி அடுக்கலாம், எல்லாம் அதில் இருந்தது. நன்மையை அப்படி யாரும் அனுப்பவில்லை. நாங்கள்தான் தொலைபேசியில் ஒவ்வொருவராகக் கேட்டோம்: ‘உட்கார ஓர் இருக்கை கிடைக்கும் என்றால், அதற்காக மாதச் சம்பளத்தில் எவ்வளவு விட்டுக்கொடுப்பீர்கள்?’ நாற்பது பேரிடம் கேட்க வேண்டும். முப்பத்தொன்பது ஆகியிருந்தது, வெள்ளிக்கிழமை சாயங்காலம், எனக்கு அலுத்துப்போயிருந்தது. அக்காவுக்கு போன் போட்டேன். சொந்தக்காரர்களைக் கேட்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும்.

அவள் சிரித்தாள். “சும்மா குடுத்தாலும் வேண்டாம்ப்பா. உக்காந்தா அப்புறம் எந்திரிக்க மனசு வராது.”

முதல் வாக்கியத்தை மட்டும் எழுதிக்கொண்டேன். விதி தேவையில்லை என்று முடிந்து, கடைகளுக்கும் போன எங்கள் அறிக்கையின் பதினான்காம் பக்கத்தில் அதற்குக் கட்டம் கட்டியதும் நான்தான். ‘சும்மா கொடுத்தாலும் வேண்டாம். – காலணிக் கடை ஊழியர், வயது 41.’ எங்கள் தலைவர் படித்துவிட்டு, “நூறு பக்கம் சொல்லாததை இது சொல்லுதுய்யா” என்று தோளில் தட்டினார். இரண்டு நாள் அந்தத் தோளோடு மிதந்துகொண்டிருந்தேன்.

“நேத்து அளவுகோல் எங்களை வரிசையா நிக்க வச்சு அதைப் படிச்சாரு” என்றாள் அக்கா. அளவுகோல் என்பது மேலாளர். மதிய இடைவேளையைக்கூட அளந்து கொடுப்பவர். “‘எவடி அவ, அவளுக்கு மட்டும் காலா, இல்ல தூணா’ன்னு பில் போடுறவ கேட்டா. நான் விடுவேனா? ‘முதலாளிக்குச் சொந்தக்காரியா இருப்பா, அவ கால்ல கட்டி வர’ன்னு திட்டினேன். எல்லாரும் சிரிச்சாங்க. பஸ்ல வரும்போதுதான் உறைச்சது. நாப்பத்தொண்ணு. செருப்புக் கடை. அன்னைக்கு நீ போன்ல கேட்டது.”

அளவுகோல் எங்கள் பக்கம் நடந்துவந்தார்.

“பெருவிரல்கிட்ட இறுக்குதா சார்?” என்றாள் அக்கா, புது ஷூ ஒன்றை என் காலில் மாட்டி.

“இல்லைங்க.”

அவர் போகும்வரை அவள் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“விதி வரப்போகுதுன்னு போன மாசம் ஆறு ஸ்டூல் வாங்கினாங்க. பிளாஸ்டிக்கூடப் பிரிக்கல. பின்னாடி ரூம்ல இருக்கு. நாளைக்கு வண்டி வந்து திருப்பி எடுத்துட்டுப் போகுது. நான் ஒரு தடவை உக்காந்து பாத்தேன், யாரும் இல்லாதப்ப. பிளாஸ்டிக் சத்தம் போட்டுச்சு, எந்திரிச்சிட்டேன்.”

“நாப்பதுல ஒண்ணுதான், அக்கா. ஒருத்தர் பதிலால ஒண்ணும் மாறாது.”

அது பொய். அமைச்சர் மேசையில் அந்த அறிக்கை எந்தப் பக்கத்தில் திறந்து கிடந்தது என்று தலைவர் எனக்குச் சந்தோஷமாகச் சொல்லியிருந்தார்.

அக்கா வேறு ஜோடி எடுக்க எழுந்தாள். எழும்போது என் முழங்காலில் கையை ஊன்றினாள். நான் நினைத்திருந்ததைவிட அதிக எடை அதில் இறங்கியது. கணுக்காலுக்கு மேல் நரம்புகள் கயிறு போலச் சுருண்டிருந்தன. எத்தனையோ முறை அவள் வீட்டுக்குப் போயிருக்கிறேன்; ஒரு நாளும் நான் அவள் காலைப் பார்த்ததில்லை.

எனக்குச் சேராது என்று பார்த்தாலே தெரிகிற ஒரு ஷூவோடு திரும்பி வந்து மறுபடியும் குந்தினாள்.

“இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும் திருத்தம் அனுப்பலாமாமே. அந்த அறிக்கையிலயே போட்டிருக்கு, கடைசிப் பக்கத்துல.”

“திருத்தம்னா, நாப்பதாவது ஆள் என் அக்கான்னு எழுதணும். பாதியை வெட்டினேன்னு எழுதணும். வேலை நிரந்தரமாக இன்னும் ரெண்டு மாசம் இருக்கு.”

“தெரியும்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பது. அவள் ஷூவைக் கழற்றி, என் பாதத்தைத் தன் முழங்காலில் வைத்து, சாக்ஸின் ஓட்டை தெரியாதபடி நுனியை அடியில் மடித்துவிட்டாள். சின்ன வயதில் என்னைப் பள்ளிக்கு அனுப்பும்போது செய்தது போலவே.

“சட்டைப் பையில பேனா இருக்கில்ல, எடு” என்றாள். “அன்னைக்குச் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். இந்தத் தடவை யோசிச்சுச் சொல்றேன். நீ அன்னைக்குக் கேட்டே பாரு, அதே மாதிரி, ஒரு வார்த்தை மாத்தாம, என்னை இன்னொரு தடவை கேளுடா.”