நிக்கல் தகட்டில் செம்பு

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் தர்சனா. மண்டபம் அகதி முகாமிலிருந்து ராமநாதபுரம் போய் இயற்பியல் முதுகலை படிப்பவள். பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். பெயரை மாற்றச் சொன்னாள், மாற்றிவிட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கடலோரக் குடிசையில் ஒரு மேதை...'

(அடித்துவிட்டேன். அவளுடைய அப்பா யோகலிங்கம் மேதை இல்லை. யாழ்ப்பாணத்தில் வேதியியல் ஆசிரியர். இங்கே கீழக்கரை வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர்.)

2

அணுக்கருக்கள் அறை வெப்பத்திலேயே இணையும் என்று அவர் நம்பினார். பெரும்பாலான விஞ்ஞானிகள் கைகழுவிய நம்பிக்கை அது. ஊறுகாய் பாட்டிலில் பொட்டாசியம் கார்பனேட் கரைசல், நிக்கல் தகடு, பேட்டரி. பேட்டரி தந்த மின்சாரத்தின் கணக்குக்கு மேல் கரைசல் சுட்டது. தர்சனா தகட்டைக் கல்லூரியில் சோதித்தபோது அதில் செம்பு இருந்தது.

"தண்ணியிலிருந்து ஒரு புரோத்தன் நிக்கல் கருவுக்குள்ள போனால் அது செம்பு. உனக்கு வேற என்ன ஆதாரம் வேணும், பிள்ளை?"

"போகாதப்பா. ரெண்டும் நேர்மின்சுமை, தள்ளும். அப்பிடிப் போனாலும் கதிர்வீச்சு வரவேணும். காலேஜ் கருவி ஒண்டுமே காட்டேல்லையே."

"அப்ப கொள்கையைத்தான் மாத்த வேணும். கண்ட செம்பை இல்லையெண்டு சொல்லேலாது."

அவள் குறிப்பேட்டைத் திறந்து எண்களை மறுபடி கூட்டத் தொடங்கினாள்.

(ஒரு குறிப்பு: இணையவழிக் கருத்தரங்கு ஒன்றில் பேச அவருக்கு அழைப்பு வந்திருந்தது. 'இதை வச்சு ஏதாவதொரு நாடு எங்களைத் தன்ர ஆக்களெண்டு கூப்பிடும்' என்று முகாம் முழுக்கச் சொல்லியிருந்தார். இதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.)

3

நேர்முனைக் கம்பியைப் பிடித்திருந்த செம்புக் கிளிப் கரைசலில் நனைந்து பச்சை பூத்திருந்ததை அவள்தான் பார்த்தாள். அதை எடுத்துவிட்டு, நிக்கல் கம்பியையே முறுக்கி இணைத்து, புதுத் தகட்டோடு மறுபடி ஓடவிட்டாள். செம்பு இல்லை. இறுக்கி மூடிய பாட்டிலில் தண்ணீரிலிருந்து பிரிந்த வாயுக்கள் திரும்பச் சேர்ந்துதான் சூடு ஏறியிருந்தது. மூடியைத் தளர்த்தியதும் கணக்குச் சரியாக வந்தது.

[இங்கே அவள் மறைத்துவிட்டதாக எழுதினேன். அவர் பேசுகிறார், கைதட்டல் எழுகிறது, அவள் தண்ணீர்க் குழாயடியில் நின்று... வேண்டாம். அவள் மறைக்கவில்லை.]

கருத்தரங்கன்று காலையில் சொன்னாள். அவர் தேநீரைக் குடித்து முடித்தார்.

"திரும்பச் செய்து பாத்தனியோ?"

"ரெண்டு தரம், அப்பா."

மாலையில் வெள்ளைச் சட்டை போட்டுக் கைபேசி முன் அமர்ந்தார். தான் கண்ட செம்பு கிளிப்பிலிருந்து வந்தது, கண்டுபிடித்தவள் தன் மகள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். யாரும் கேள்வி கேட்கவில்லை. நன்றி சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

4

மறுநாள் அவர் கடலைப் பார்த்தபடி...

இல்லை. பெயின்ட் வேலைக்குப் போனார். சாயங்காலம் வந்தார், கை கழுவினார், மகளைப் பார்த்துக் கேட்டார்:

"நீங்கள் சாப்பிட்டீங்களோ?"

பிறந்ததிலிருந்து 'நீ' என்றே கூப்பிட்டவர். அன்றிலிருந்து அவளிடம் 'நீங்கள்'தான். பாட்டிலை அவர் மறுபடி தொடவும் இல்லை.

"இது மரியாதையோ, தண்டனையோ அக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் கண்ணில் பெருமை இருந்தது. மற்றதில் அவர் அவள் முகத்தையே பார்க்கவில்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன். 'நீங்கள் சாப்பிட்டீங்களோ?' என்ற அவர் கேள்வியை நீங்களே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உங்கள் குரலில் அது எப்படி வருகிறதோ, அப்படியே இருக்கட்டும்.