கன்றுக்குட்டியின் வெள்ளைக் கோடு

இபாதான் நகரத்துப் புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் மொரேனிகேயின் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. வேலையில் கெட்டிக்காரிதான். ஆனால் அந்த வாய் இருக்கிறதே!

புற்றுக்கட்டி தானாகவே திசுவைத் துளைத்துக்கொண்டு போவதில்லை, பக்கத்தில் இருக்கும் நல்ல செல்களே ஒரு நொதியைச் சுரந்து அதற்கு வழிவிடுகின்றன என்று காட்டுவதுதான் அவர்கள் ஆய்வு. செல்கள் வளர்ந்த திரவத்தை ஜெல்லில் ஓட்டி நீலச் சாயம் ஏற்றினால், நொதி இருக்குமிடம் வெள்ளைக் கோடாகத் தெரியும். மொரேனிகேவுக்குக் கோடு பளிச்சென்று விழுந்தது. அதே செல்களை வைத்து ஓட்டிய இளையவன் கோலாடேவுக்கு ஒன்றுமே விழவில்லை.

"செல்லையெல்லாம் பட்டினி போட்டுக் கொன்னுட்டா கோடு எங்கேருந்து தம்பி வரும்? பேசாம வீட்டுல போய் அமலாக் களி கிண்டு. அதையாவது கட்டி தட்டாம கிண்டுவியான்னு பாப்போம்!" என்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டாள். கூடமே சிரித்தது. பேராசிரியர் அகின்ரினாடே அவனை ஆய்விலிருந்து எடுத்து, பாட்டில் கழுவப் போட்டார்.

கட்டுரை அனுப்புமுன், செல்லே இல்லாத வெறும் திரவத்தையும் ஒருமுறை ஓட்டச் சொன்னார் பேராசிரியர். ஓட்டினாள். அதே இடத்தில் அதே வெள்ளைக் கோடு.

அவளுக்குப் புரிந்துவிட்டது. செல்களுக்கு உணவாக ஊற்றுகிற கன்றுக்குட்டிச் சீரத்திலும் அந்த நொதி உண்டு. அதைச் சுத்தமாகக் கழுவிவிட்டுச் செல்களைப் பட்டினி போட வேண்டும். வதங்குகின்றனவே என்று அவள் கொஞ்சம் சீரம் விட்டே வைத்திருந்தாள். முதல் வருட மாணவிகூடச் செய்யாத தப்பு. கன்றுக்குட்டியின் கோட்டைக் காட்டி ஒரு பிள்ளையின் மானத்தை வாங்கியிருக்கிறாள், பாவி!

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றாள். "என் கோடு பொய், புரொபசர். சீரத்தைக் கழுவல. கோலாடே செஞ்சதுதான் சரி. அவனைத் திரும்ப எடுத்துக்குங்க." அவர் கட்டுரையை மூடி வைத்தார்.

கழுவுமிடத்துக்கு ஓடினாள். யொரூபாப் பெண் தன்னைவிடச் சின்னவன் முன் மண்டியிடமாட்டாள். மொரேனிகே ஈரத்தரையில் மண்டியிட்டாள்.

"ஐயோ அக்கா, எழுந்திருங்க! மூத்தவங்க மண்டி போட்டா எனக்குத்தான் ஆகாது."

"கோடு சீரத்தோடதுன்னு உனக்குத் தோணலையாடா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன் அக்கா," என்றான் கோலாடே, பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு. "அன்னிக்கே, அந்தக் கூட்டத்துலயே சொன்னேன். நீங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க."

அவன் கை கொடுத்தும் அவள் எழவில்லை.