நாலில் ஒரு பங்கு தண்ணீர்

1

இந்தக் கதை வளர்ப்பு மீன் கடையில் கிடைத்தது. தீனி வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் கடைக்காரரிடம், "தண்ணி பளிச்சுனு இருக்குண்ணே, மீன் மட்டும் மேல வந்து வாயைப் பிளக்குது" என்றார். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

"மெல்லிய மழைத் தூறலில் அவன்..."

வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

மறுபடியும்: அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவன். மனைவி நர்ஸ், மூன்று வருடமாக வெளிநாட்டில் வேலை. போகும்போது மீன்தொட்டியை அவனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். போனில் முதல் விசாரிப்பே மீனைப் பற்றித்தான். (அவனுக்குப் பொறாமை என்று எழுதி அடித்துவிட்டேன். பொறாமைதான்.)

சனிக்கிழமை வருகிறேன் என்றாள். அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. தொட்டித் தண்ணீரில் இலேசான மஞ்சள். வில்லையில் ஒரு மங்கல் இருந்தாலே சோறு இறங்காதவன் சும்மா இருப்பானா? தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டினான். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் வெள்ளை வெளேரென்று அலசினான். குழாய்த் தண்ணீரை அப்படியே நிரப்பினான்.*

* மீன் கழிவின் நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர்கள் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கும். குழாய்த் தண்ணீரின் குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். மூன்று வருடக் குடித்தனத்தை ஐந்து நிமிடத்தில் காலி செய்துவிட்டான் மகராசன். கதைக்குள் வைத்தால் பாடம் நடத்துகிறேன் என்பீர்கள், அதனால் இங்கே.

3

மனைவி அவனைத் திட்டுவதாக ஒரு பக்கம் எழுதினேன். அவள் வாயில் அது ஒட்டவில்லை. வியாழக்கிழமை போனில் அவன் நடந்ததைச் சொன்னதும் இப்படித்தான் பேசினாள்:

"மொத்தத் தண்ணியையுமா மாத்துவாங்க? நாலுல ஒரு பங்குதாங்க. குளோரின் போக சொட்டு மருந்து விட்டுட்டு ஊத்துங்க. மீன் கடைத் தொட்டியில ஓடிக்கிட்டிருக்கிற அழுக்குப் பஞ்சு ஒண்ணு கேட்டு வாங்கி வைங்க. தீனி போடாதீங்க."

"உனக்காகத்தான்மா..."

"வீட்டுல வேற என்னத்த மாத்தினீங்க?"

"ஜன்னல் துணி. மெத்தை உறை. உன் பழைய செருப்பு..."

"ஐயோ, எதையும் தொடாதீங்க. நான் விட்டுட்டு வந்த மாதிரியே இருக்கட்டும். அதைப் பாக்கத்தானே வர்றேன்."

அவன் அழுதான். (இதை அடிக்கப் போவதில்லை.)

4

முடிவு ஒன்று: மீன் பிழைக்கிறது, அவள் வருகிறாள், இருவரும் தொட்டியின் முன்னால்... இதை நீங்கள் எத்தனையோ தடவை படித்திருப்பீர்கள்.

முடிவு இரண்டு: மீன் செத்துப்போகிறது. அதே சாயலில் ஒன்றை வாங்கி விடுகிறான். அவள் பார்த்தவுடன்... சே, அவன் அப்படிப்பட்டவன் இல்லை.

5

சனிக்கிழமை. அழுக்குப் பஞ்சு ஓடுகிறது. மீன் இன்னும் மேலேதான் நிற்கிறது. வாய் பிளப்பது கொஞ்சம் குறைந்த மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. தெருமுனையில் ஒரு கார் திரும்புகிறது.

இதற்கு மேல் எனக்குக் கை ஓடவில்லை. என் வீட்டுத் தொட்டியை விட்டுப்போனவள் திரும்பவே இல்லை. காத்திருப்பதை எழுதச் சொன்னால் நூறு பக்கம் எழுதுவேன். கதவு திறக்கும் அந்த ஒரு வரி எனக்குத் தெரியாது.

உங்கள் வீட்டுக்கு யாராவது திரும்பி வந்திருந்தால், நீங்கள் எழுதுங்கள். சீக்கிரம். அவன் மீனையும் வாசலையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.