அடைப்புக்குறிக்குள் ஹஃப்ஸா

1

இந்தக் கதை ஜெராக்ஸ் கடை வாசலில் கிடைத்தது. பக்கத்துத் தெரு ஹஃப்ஸா அங்கே நின்றபடி என்னிடம் கொட்டித் தீர்த்தாள். "நீங்க எழுதுறவங்கதானே இசபெல்லாக்கா, இதை எழுதுங்க பாப்போம்" என்று சவாலும் விட்டாள். ஒரே நிபந்தனை, அச்சுக்குப் போகுமுன் அவளுக்குக் காட்ட வேண்டும். காட்டினேன். அவள் சொன்னதையெல்லாம் அடைப்புக்குறிக்குள் விட்டுவைத்திருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

அரசலாறு கடலைத் தொடும் இடத்தில் அந்தி மெல்ல

(மதியம் ரெண்டு மணிக்கா. மண்டைய பொளக்குற வெயில். ஆத்தப் பாக்க எனக்கு ஏது நேரம்?)

அடித்துவிட்டு மறுபடி தொடங்கினேன்:

காரைக்காலே ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட்தான், கணினிக்குள் தடுத்துவைத்த ஓர் அறை மாதிரி. மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல், உள்ளே மட்டும் புதுச்சேரிச் சட்டம் என்று தனியாக

(பூவம் எல்லையத் தாண்டுனா பெட்ரோல் வெல மாறும், அவ்வளவுதான். இத ரசிக்கிறதுக்கா நான் அன்னைக்கு அழுதேன்?)

எனக்குப் பிடித்த உவமை அது. போனால் போகட்டும்.

2

ஹஃப்ஸா கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். கணவர் மன்சூர் அலி குவைத்தில். அவள் இங்கே தாய்வீட்டில், வாப்பாவின் மீன்வலைக் கடை லேப்டாப்பில் கடை மூடிய பிறகு வேலை பார்க்கிறவள்.

திருநள்ளாற்றில் லாட்ஜ் நடத்தும் அஞ்சுகத்துக்கு ஓர் இணையதளம் வேண்டியிருந்தது. சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒரே அறையை இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு வாசலில் வாங்கிக்கட்டிக்கொள்வது அவருக்கு அலுத்துவிட்டது. கும்பகோணத்துக் கம்பெனி ஒன்று அந்த வேலையைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆனாலும் ஹஃப்ஸாவிடம் சொன்னார்: "மதியானமா வீட்டுக்கு வர்றேன், ஓட்டிக் காட்டு. ஓடுச்சுன்னா உனக்கு. இல்லேன்னா அவங்ககிட்ட குடுத்துடுவேன்." கூடவே, "வீட்டுல ஆம்பளை யாராச்சும் சரிபாத்துத் தருவாங்கல்ல?" என்றும் கேட்டார். ஹஃப்ஸா பல்லைக் கடித்துக்கொண்டாள். படித்து முடித்து இத்தனை வருடத்தில் அவள் பேரில் வரப்போகிற முதல் வேலை அது.

முந்தின நாள் தளம் அழகாக ஓடியது. மறுநாள் மதியம், அஞ்சுகம் வருமுன், வாப்பா கடையிலிருந்து கொண்டுவந்து தந்த லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தபோது ஓடவில்லை. ஜாங்கோ என்று ஒன்றே இங்கே இல்லை என்றது கறுப்புத் திரை.

ஜாங்கோ என்பது அவள் தளத்தைக் கட்டிய சட்டகம். அதைக் கணினியின் பொதுவெளியில் போடாமல், இந்த வேலைக்கென்று ஒதுக்கிய ஒரு தனியறையில் போட்டிருந்தாள். வெர்ச்சுவல் என்விரான்மென்ட் என்பது அதுதான். அறைக்குள் நுழைந்துவிட்டால் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் அறையின் பெயர் தெரியும். தெரிந்தது. உள்ளேதான் இருக்கிறாய் என்றது. ஆனால் உள்ளே இருக்கிற பொருளை இல்லை என்றது.

சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் தம்பி தௌஃபீக்கை அழைத்தாள்.

"லாத்தா, நீ என்விரான்மென்ட்ட ஆக்டிவேட் பண்ணிருக்க மாட்டே."

"பண்ணிட்டேன்டா. பிராக்கெட்டுல பேரு வருது."

"அப்ப ஜாங்கோவே போட்டிருக்க மாட்டே."

"நேத்து ஓடுச்சேடா."

"அப்ப எதையோ நோண்டிருப்பே. மறுபடி இன்ஸ்டால் பண்ணு, மீட்டிங் இருக்கு."

போட்டாள். ஜாங்கோ வந்தது, இன்னொன்று இல்லை என்றது. அதையும் போட்டாள், வேறொன்று இல்லை என்றது. அதற்குள் நெட் படுத்துவிட்டது.

அதற்கு முன்பே இணையத்திலும் தேடியிருந்தாள். இதே பிழையோடு உலகம் பூராவும் ஆட்கள் அழுதிருக்கிறார்கள். பதில் சொன்ன மகராசன்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள்: நீங்கள் மறந்திருப்பீர்கள், நீங்கள் சரியாகப் படிக்கவில்லை. கேட்டவர் சரியாகச் செய்திருக்கலாம் என்று ஒருத்தருக்காவது தோன்ற வேண்டாமா? எழுதுகிற எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

(இந்த எடம் நல்லாருக்கு. இன்னும் நாலு வரி திட்டலாம்.)

3

யாரையும் கேட்பதில்லை என்று முடிவு செய்த பிறகுதான் அவளுக்கு மூளை வேலை செய்தது. ஜாங்கோ பைத்தான் என்கிற நிரல்மொழியில் ஓடுவது; இப்போது எந்த இடத்துப் பைத்தானை ஓட்டுகிறாய் என்று கணினியிடமே கேட்டாள். அது காட்டிய முகவரி அறைக்கு வெளியே இருந்தது. அறையை முடுக்கிவிடும் கோப்பைத் திறந்தாள். அதில் அறை உருவானபோது இருந்த முழு முகவரி எழுதியிருந்தது. அதையும் இப்போதைய முகவரியையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தாள்.

அந்த அறை இருந்த ஃபோல்டரின் பெயர் மாறியிருந்தது. 'lodge' என்றிருந்தது '786 lodge' ஆகியிருந்தது.

இந்த மாதிரி அறைகளுக்கு ஒரு குணம் உண்டு. பிறந்த முகவரியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். ஃபோல்டரின் பெயரை மாற்றினால் பழைய முகவரிக்கே போய்த் தேடும், கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் வெளியே போய்விடும். அடைப்புக்குறியை மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கும்.

மாற்றியவர் பீர் மைதீன், அவளுடைய வாப்பா. காலையில் கடைக்கணக்குக்காக லேப்டாப்பைத் திறந்தவர், மகளின் ஃபோல்டர் மொட்டையாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். பில் ஆனாலும் கல்யாணப் பத்திரிகை ஆனாலும் தலையில் பிஸ்மில்லாவுக்கு ஈடாக 786 போடாமல் அவர் எதையும் தொடங்கியதில்லை. கடைக் கோப்புகள் எல்லாமே அப்படித்தான் தொடங்கும். மகளுக்கு முக்கியமான நாள் வேறு.

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு வசதியான தவற்றை வாசகர் நம்புவாரா? வைரஸ் என்று மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அப்புறம் என் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தேன். முதல் பக்கத்தின் தலையில் சின்னதாக ஒரு சிலுவை போட்டிருந்தது. பரீட்சைத் தாளிலிருந்து தொடரும் பழக்கம், போட்டதே எனக்கு நினைவில்லை. பீர் மைதீன் கதையில் இருக்கட்டும்.

4

வாசலில் ஆட்டோ நின்றது. வாப்பாதான் அஞ்சுகத்தை உள்ளே கூட்டிவந்து நாற்காலி போட்டார்.

"என்ன பாய், பொண்ணு ரெடியா?"

"ரெடிதாம்மா. காலையில நானே அவ ஃபோல்டர்ல 786 போட்டு வச்சேன். எல்லாம் நல்லபடியா நடக்கும், பாருங்க."

நெட் இல்லாமல் புது அறை கட்ட முடியாது. பழைய பெயரைத் திருப்பி வைத்தால் அந்த நொடியே ஓடும். அதற்கு அந்த மூன்று எண்களை அழிக்க வேண்டும், அவர் பின்னால் நிற்கும்போதே.

"கொஞ்சம் பொறுங்கம்மா" என்றாள் ஹஃப்ஸா.

"ஓடலியா?"

"நேத்து ஓடுச்சும்மா."

"நேத்து ஓடுனது இன்னைக்கு ஏன் ஓடல? யாரு தப்பு?"

பொழுதுக்கும் எல்லோர் மேலும் கொதித்துக்கொண்டிருந்தவளுக்கு, கோபப்பட வேண்டிய ஆள் யாரென்று தெரிந்ததும் கோபப்பட வழியில்லாமல் போனது. 

5

முதல் முடிவு: "என் தப்புதாம்மா" என்றாள் ஹஃப்ஸா. 786 போனது, தளம் ஓடியது, எல்லோரும் டீ குடித்தார்கள்.

(எக்கா, நான் எப்ப அப்படிச் சொன்னேன்? எல்லாக் கதையிலயும் நாங்க தப்ப ஏத்துக்கிட்டு டீ போடப் போயிடணுமா?)

இரண்டாம் முடிவு: "வாப்பாதான் பேர மாத்திட்டாங்க" என்றாள். பீர் மைதீனின் முகம்

(வேணாம். புஸ்தகமா வந்தா வாப்பா படிப்பாங்க.)

"அப்ப நெசமாவே என்னதான் சொன்னே?" என்று போனில் கேட்டேன்.

"அத உங்ககிட்ட சொன்னா எழுதிடுவீங்க" என்றாள்.

ஆக, என்னிடம் முடிவு இல்லை. கர்சர் 786-க்கு அடுத்து மினுக்கிக்கொண்டிருக்கிறது. வாப்பா நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார். அஞ்சுகம் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். ஹஃப்ஸாவின் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். 'என் தப்பு' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அன்றைக்கு எல்லோரும் அவளிடம் சொன்னது அதைத்தான், அவள் ஒருத்திதான் அதை நம்பவில்லை.